செயலாளர் நாற்காலியும் ஆடுகளமும்

செங்கல்பட்டுச் சீமைக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் பள்ளிக்கூடத்தோடு வந்தார்கள். 1837இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளி சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து, சரியாக நூறு ஆண்டு கழித்து அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. செங்கல்பட்டு நகரின் புனித கொலம்பா பள்ளியும் அதே மிஷன் மரபில் வந்ததுதான். சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆடம் ஆண்ட்ரூ என்ற பாதிரியார் நிலமற்ற தலித் குடும்பங்களைக் குடியேற்றிய அந்த ஊரின் பெயரில் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாதிரியாரும் வாத்தியாரும் தவிர ஸ்காட்லாந்து உலகெங்கும் அனுப்பிய இன்னொரு வகை ஆட்கள் உண்டு: கால்பந்து மேலாளர்கள். அவர்களில் ஒருவரை நாம் கண்ணெதிரே கண்டது 2019இல். அந்த நவம்பர் 29ஆம் நாள் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. அடுத்த சில நாட்களில், கிளாஸ்கோவை ஒட்டிய பெய்ஸ்லியில் பிறந்த ஓவன் கோய்ல் சென்னையின் எஃப்சி அணியின் பொறுப்பை ஏற்றார். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கோய்ல் வந்து உட்கார்ந்த நாற்காலிக்கு நூற்று முப்பது ஆண்டு வரலாறு இருந்தது. அந்த நாற்காலி எப்படி உருவானது, இந்தியாவில் அதில் முதலில் முழு உரிமையோடு அமர்ந்தவர் யார், தமிழ்நாட்டில் அது யாருக்கெல்லாம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டம் 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவின் ஹாமில்டன் கிரசென்ட் மைதானத்தில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்தது. கோல் ஏதும் விழவில்லை. ஸ்காட்லாந்து அணியின் பதினொருவரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு முட்டிமோதி ஓடுவது அந்நாளைய ஆங்கிலேயப் பாணி. அதற்கு எதிராக, பந்தைக் கூட்டாளிக்குத் தட்டிவிட்டு இடம் மாறி ஆடும் முறையை வளர்த்தவர்கள் குயின்ஸ் பார்க்காரர்கள். தனியாள் திறமை போதும் என்ற ஆட்டத்துக்கு மேலாளர் தேவையில்லை. பதினொருவர் ஒருவரையொருவர் நம்பி ஆடும் ஆட்டம் வந்த பிறகுதான் அவர்களைப் பொறுக்கி, பழக்கி, ஓரிடத்தில் கட்டி வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அப்படி வந்தவர் ஜார்ஜ் ராம்சே. 1855இல் கிளாஸ்கோவில் பிறந்து, 1876இல் பர்மிங்காமுக்கு வந்த இளைஞர். பூங்காவில் பந்தாடிக்கொண்டிருந்த ஆஸ்டன் வில்லா பையன்களைப் பார்த்து, தானும் இறங்கி ஆடிக் காட்டினார் என்பது அந்தக் கிளப்பில் வழங்கும் கதை. சீக்கிரமே அவரே அணித்தலைவர் ஆனார். காயம் ஆட்டத்தை முடித்து வைத்தபோது கிளப் அவரை விடவில்லை. 1886இல் வில்லா பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது: முழுநேரமும் உழைக்கக்கூடிய மேலாளர் வேண்டும், கமிட்டியின் சொல்கேட்டு நடக்க வேண்டும், ஆண்டுச் சம்பளம் 100 பவுண்டு. ராம்சே 1926 வரை அந்தப் பணியில் இருந்தார். அவர் காலத்தில் வில்லா ஆறு முறை லீக் பட்டமும் ஆறு முறை எஃப்.ஏ. கோப்பையும் வென்றது.

இவ்வளவு வென்றவரின் பதவிப் பெயர் செயலாளர். கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது, ஆட்டக்காரரைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. அணியைத் தேர்வு செய்யும் உரிமை கமிட்டியிடம் இருந்தது. அவர் அதில் ஒரு குரல். தொடக்ககால மேலாளர்கள் பலரும் இப்படி மைதானத்திலிருந்து எழுதுமேசைக்குப் போய், அந்த மேசையின் பலத்தில் மெல்ல மெல்ல மைதானத்தைக் கைப்பற்றியவர்கள். ரேஞ்சர்ஸ் அணியின் முதல் மேலாளர் வில்லியம் வில்டனும் அப்படித்தான்: பல ஆண்டுகள் ஆட்டச் செயலாளர், 1899இல் மேலாளர், 1920 மே மாதம் ஒரு படகு விபத்தில் மரணம் அடையும்வரை அதே இடம்.

வில்லி மேலியின் கதை இன்னும் சுவையானது. 1868இல் அயர்லாந்தின் நியூரி ராணுவக் குடியிருப்பில் ஒரு சிப்பாயின் மகனாகப் பிறந்தவர். 1888இல் கிளாஸ்கோவின் செல்டிக் கிளப் ஆடிய முதல் ஆட்டத்திலேயே களத்தில் இருந்தார். 1897இல் கிளப் கம்பெனியாக மாறியபோது, இருபத்தொன்பது வயதில் செயலாளர்-மேலாளர் ஆனார். 1940 வரை நாற்பத்து மூன்று ஆண்டுகள்! பதினாறு லீக் பட்டங்கள், பதினான்கு ஸ்காட்டிஷ் கோப்பைகள். விலை கொடுத்துப் பெரிய ஆட்டக்காரர்களை வாங்கும் வழக்கத்தைக் குறைத்து, பெயர் தெரியாத இளைஞர்களைக் கொண்டு அவர் கட்டிய அணி 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறு ஆண்டு லீக்கை வென்றது.

இன்றைய மேலாளர்கள் எல்லைக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். மேலி அங்கே வரவே மாட்டார். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். இடைவேளையில் அறிவுரை கிடையாது. அன்றாடப் பயிற்சியைப் பயிற்சியாளர் கவனித்துக்கொள்வார். யார் ஆடப்போகிறார்கள் என்பதை ஆட்டக்காரர்கள் பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஆனாலும் அணி அவருடையது. யாரை எடுப்பது, யாரை எப்போது விடுவது என்ற தீர்ப்பை அவர் நாற்பது ஆண்டு கையில் வைத்திருந்தார். விடைபெற்ற விதம் மட்டும் நல்லதாக அமையவில்லை. கிளப்பின் பொன்விழாவில் கொடுத்த அன்பளிப்புப் பணத்துக்கு வரி யார் கட்டுவது என்ற தகராறில் மனம் கசந்தே 1940இல் வெளியேறினார்.

செல்டிக்கில் மேலியோடு ஆடிய ஜான் மேடன் இன்னொரு வழியைத் திறந்தார். 1905இல் பிராக் நகருக்குப் போய் ஸ்லாவியா அணியை 1930 வரை பயிற்றுவித்து, அங்கேயே 1948இல் இறந்தார். செக் நாட்டார் அவரைத் தங்கள் கால்பந்தின் தந்தை என்று கொண்டாடுகிறார்கள். ஓர் அந்நியரை இருபத்தைந்து ஆண்டு ஒரே இடத்தில் வைத்திருந்தது ஸ்லாவியா என்பதைக் குறித்துக்கொள்ளலாம், பின்னால் தேவைப்படும்.

இந்தியாவில் இந்தச் செயலாளர்-மேலாளர் வகைக்கு நேர் உதாரணம் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். 1909 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார்; உடற்கல்வியில் பட்டயம் பெற்றார். ஊர்க் கிளப்புகளில் ஆடியவர்தான், ஆனால் அவர் பெயர் நின்றது ஆட்டத்தால் அன்று. 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். ராம்சேக்கும் மேலிக்கும் வாய்த்த அதே எழுதுமேசை! 1950இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியாளர் பொறுப்பும் சேர்ந்தது. 1963இல் இறக்கும்வரை இரண்டும் அவரிடமே இருந்தன.

செயலாளர் என்பதால் உள்ளூரில் என்ன போட்டி, எந்த விதியில் நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அதை அவர் பயன்படுத்திய விதம்தான் ஆய்வாளர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம். பந்தை வைத்துக்கொண்டு தனியாக ஓடக்கூடாது, வந்ததும் தட்டிவிட வேண்டும் என்று ஒரு போட்டி. பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று இன்னொன்று. பயிற்சி முகாமில் முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதை ஊர் முழுக்க உள்ள பையன்கள் தாமாகவே பழகிக்கொள்ளும்படி போட்டியின் விதியிலேயே வைத்துவிட்டார். வெறும் கோச்சாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பள்ளி ஆசிரியரின் புத்தியும் செயலாளரின் அதிகாரமும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால் நடந்தது.

பலன் கைமேல் கிடைத்தது. 1950 முதல் 1954 வரை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைப் போலீஸ் அணி ஐந்து ஆண்டு தொடர்ந்து வென்றது. 1950இல் டூரண்ட் கோப்பையும் வந்தது. 1956-57, 1957-58 பருவங்களில் ஹைதராபாத் மாநில அணி சந்தோஷ் கோப்பையை வென்றது.

இந்திய அணிக்கு அவர் முதலில் கிடைத்தது 1951இல். டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வீழ்த்தி இந்தியா தங்கம் பெற்றது. கோல் போட்டவர் மேவாலால். அடுத்த ஆண்டே அடி விழுந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று நொறுக்கியது. பலர் வெறுங்காலோடு ஆடிய அணி அது. அதன்பின் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. ரஹீம் அணியின் அமைப்பையே மாற்றத் தொடங்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனார்கள். நெவில் டிசோசா மூன்று கோல். முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் வழி எளிதானது என்பது உண்மைதான், ஆனாலும் நான்காமிடம் நான்காமிடமே. பிரேசிலுக்கு முன்பே அவர் 4-2-4 அமைப்பை ஆட வைத்தார் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. அந்தப் பந்தயத்தில் யார் முந்தினார்கள் என்பதைவிட, ஒரு பள்ளி ஆசிரியர் தன் அணிக்குத் தேவையானதைத் தானே யோசித்துக் கண்டார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அவருடைய உச்சம். அப்போதே நுரையீரல் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா ஒதுக்கியதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால் ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. தாய்லாந்து, ஜப்பான், அரையிறுதியில் தென்வியட்நாம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, செப்டம்பர் 4 அன்று இறுதியில் மீண்டும் தென்கொரியா. மைதானம் முழுக்கக் கூச்சல். ரஹீம் இரண்டு முடிவுகள் எடுத்தார். தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார். கோல்காப்புக்குப் பீட்டர் தங்கராஜைத் திரும்ப அழைத்தார். பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் கோல் போட, 2-1 என்று தங்கம். ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பிறகு தங்கம் வெல்லவே இல்லை. 2024இல் வந்த 'மைதான்' இந்திப் படம் இவர் கதைதான்.

இந்த வரலாற்றின் தமிழ்ப் பக்கம் அதிகம் எழுதப்படாதது. ஜகார்த்தாவில் கோல் காத்த தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்து, 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் ஆட்டம் பழகியவர். முதலில் அவர் ஆடியது முன்கள வீரராக. ஆறடிக்கு மேல் உயரமான அவரை வலைக்கு முன் நிறுத்தியது பிறகுதான். அந்த மையத்தின் அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. நீலகிரி மலையிலிருந்து போன ஓர் அணி டெல்லியில் இரண்டு முறை கோப்பை வாங்கியதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? துளசிதாஸ் பலராம் சிக்கந்தராபாத் அருகே அம்முகுடாவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. ரஹீம் கண்டெடுத்து வளர்த்தவர். இருபது வயதில் மெல்போர்ன், பிறகு ரோம், ஜகார்த்தா. மூச்சுக்குழாய்ச் சங்கடத்தால் இருபத்தேழாவது வயதிலேயே ஆட்டத்தை விட்டார். 2023 பிப்ரவரியில் காலமானார்.

மூன்றாமவர் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக அவர் ஒரு கோல் போட்டார். ஆட்டம் 3-1 என்று கை நழுவியது. அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை என்பதால், ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை அவருடையது.

சுந்தர்ராஜின் இரண்டாவது வாழ்க்கைதான் இக்கட்டுரைக்கு முக்கியம். 1973இல் கேரள அணியின் பயிற்சியாளர் அவர். எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தும் அதுவரை ஒருமுறைகூடக் கேரளம் சந்தோஷ் கோப்பையைத் தொட்டதில்லை. அந்த டிசம்பர் 27 அன்று எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்றார்கள். மூன்று கோலும் அணித்தலைவர் மணி போட்டது. கேரள அரசு விடுமுறையே விட்டுவிட்டது. ரோமில் ஆடிய ஒரு தஞ்சாவூர்க்காரர் பயிற்றுவித்த அணியைக் கேரளம் இன்றும் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் கேட்டால் பலர் யாரென்று விழிப்பார்கள்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். சுந்தர்ராஜுக்குக் கேரளம் கொடுத்தது ஓர் அணியும் ஒரு போட்டியும். ரஹீமுக்கு ஹைதராபாத் கொடுத்தது ஊர் முழுவதும், இருபது ஆண்டும். நல்ல கோச் ஒருவர் சில வாரங்களில் ஒரு கோப்பையை வாங்கித் தந்துவிடலாம். ஒரு மரபை உண்டாக்க நாற்காலியும் காலமும் வேண்டும். 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்ததும் பயிற்சியாளர் என்பவர் பட்டயம் பெற்ற தொழில்நுட்பர் ஆனார். அது நல்லதுதான். ஆனால் சங்கத்தின் மேசை வேறு ஆட்களிடம் போயிற்று. மேசை ஒரு பக்கம், மைதானம் ஒரு பக்கம் என்று பிரிந்ததில் பயிற்சியாளர்தான் இளைத்தார்.

இப்போது தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்க்கலாம். 2015இல் சென்னையின் எஃப்சி இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பட்டம் வென்றபோது பொறுப்பில் இருந்தவர் இத்தாலியின் மார்கோ மாட்டராசி. 2017-18இல் ஆங்கிலேயர் ஜான் கிரெகரி. 2018-19 ஐ-லீக்கைக் கோயம்புத்தூரில் ஆடி வென்ற சென்னை சிட்டி எஃப்சியின் பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பிறகு கோய்ல். அவர் வந்தபோது சென்னையின் எஃப்சி அடிமட்டத்தில் கிடந்தது. மூன்றே மாதத்தில் அதை நான்காமிடத்துக்கு உயர்த்தி, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 6-5 என்று தாண்டி, 2020 மார்ச் 14 அன்று இறுதியாட்டம்வரை கொண்டு சேர்த்தார். கொரோனா அச்சத்தில் பூட்டப்பட்ட ஃபதோர்தா மைதானத்தில், ஒரு பார்வையாளரும் இல்லாமல், கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். அடுத்து ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22 லீக் கேடயத்தை வென்றார். பின் தாய்நாடு திரும்பி, மேலே சொன்ன அதே குயின்ஸ் பார்க்கை நடத்தினார். 2023இல் மீண்டும் சென்னை. மேலி காலத்து நாற்காலி இன்று சக்கரம் வைத்த நாற்காலியாகிவிட்டது.

வெளியூர்க்காரர் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மேடனைப் பிராக் இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்ததே. கேள்வி உள்ளூர்க்காரரைப் பற்றியது. இந்தியன் வங்கி அணியிலும் இந்திய அணியிலும் கோல் குவித்த சபீர் பாஷா சென்னையின் எஃப்சியில் பல ஆண்டு உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2022 பிப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டபோது பொறுப்பு அவரிடம் வந்தது: இடைக்காலமாக, பருவத்தின் மிச்ச ஆட்டங்களுக்கு மட்டும்.

தமிழ் மண்ணில் பயிற்சியாளருக்குப் பஞ்சம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மாமல்லபுரம் அதற்குச் சாட்சி. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை அங்கே பூஞ்சேரியில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட்டில் இந்தியாவின் 'பி' அணி வெண்கலம் வென்றது. குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால் சரின், அதிபன், ரௌனக் சாத்வானி ஆடிய அந்த அணியை நடத்தியவர் சென்னையின் ஆர்.பி. ரமேஷ். 2014இல் நார்வேயின் ட்ரோம்சோவில் இந்தியா வெண்கலம் வென்றபோதும் அணியோடு இருந்தவர் அவர். தன் ஆட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு 2008இல் பயிற்சிப் பள்ளி தொடங்கி, பிரக்ஞானந்தா, வைஷாலி, அரவிந்த் சிதம்பரம் என்று வரிசையாக உருவாக்கினார். காலமும் இடமும் கொடுத்தால் இங்கேயும் ஒரு ரஹீம் முளைப்பார் என்பதைச் சதுரங்கம் காட்டிவிட்டது.

அதே மாமல்லபுரத்தில் இன்று எஃப்சி மெட்ராஸ் நடத்தும் உறைவிடக் கால்பந்து அகாடமி இருக்கிறது. கோவளத்திலிருந்து கல்பாக்கம்வரை மீனவர் குப்பங்களில் பையன்கள் மாலையில் மணலில் பந்து உதைக்கிறார்கள். ஆட்டக்காரர் கிடைக்காமல் போக வழியில்லை. மாவட்டச் சங்கங்களும் மாநிலச் சங்கமும் உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவருக்கு ஐந்தாண்டாவது ஒப்பந்தம் கொடுத்து, பள்ளிப் போட்டிகளின் விதியை எழுதும் உரிமையையும் அவரிடமே விட்டுப் பார்க்கட்டும். ரஹீம் செய்ததற்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

சந்தோஷ் கோப்பை 1941 முதல் நடந்துவருகிறது. தமிழ்நாட்டு அணி அதை இன்னும் ஒருமுறைகூட வென்றதில்லை.